சிவப்புக் கதவு

பெண்கள் சிறையின் குழந்தைகள் அறையில் வெயில் கம்பி கம்பியாகத் தரையில் கிடக்கிறது. அம்மாக்களோடு உள்ளேயே வளரும் ஆறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவனுக்கே இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. புதிதாக வந்திருக்கும் டீச்சருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. பூனையாகக் கத்தியாயிற்று, வாத்தாக நடந்தாயிற்று. ஒருத்தி கால் கட்டைவிரலைச் சப்புகிறாள், இன்னொருவன் துணிப் புத்தகத்தின் மூலையைக் கடிக்கிறான். டீச்சர் பெரிய அட்டைப் புத்தகத்தைப் பிரிக்கிறாள். பக்கம் முழுக்க ஒரு சிவப்புக் கதவு. திறந்தால் உள்ளே முயல். "க... கதவு! யாரு வந்திருக்கான்னு பாக்கலாமா?" என்று குழைந்தபடி பக்கத்து இரும்பு அலமாரியில் டக் டக் என்று தட்டுகிறாள்.

அறை பெட்டிப்பாம்பாக அடங்குகிறது. பிள்ளைகள் எழுந்து ஓடிப்போய்ச் சுவரோரமாக வரிசையில் நிற்கிறார்கள். கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. சரியாக நிற்கப் பழகாத குட்டி மட்டும் அடுத்தவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. "இங்க பாருங்கடா, முயல்!" ஒருவரும் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் அறையின் கதவிலேயே இருக்கின்றன. "வாங்கடா கண்ணுங்களா, உக்காருங்க." அசைவே இல்லை. குட்டியின் அம்மா மூலையில் துணி மடித்தபடி தலை நிமிராமல் சொல்கிறாள்: "காவலரம்மா தட்டினா இப்படித்தான் நிப்பாங்க, டீச்சர். எண்ணி முடிச்சாத்தான் உக்காருவாங்க."

டீச்சர் புத்தகத்தை மூடிக் கீழே வைக்கிறாள். விரலை நீட்டுகிறாள்.

"ஒண்ணு," என்கிறாள்.

முதல் பிள்ளை உட்காருகிறது.