முப்பதில் இருபத்தேழு

இருபத்தேழு.

மறுபடி எண்ணினேன், இந்த முறை கடைசி வரிசையிலிருந்து. அப்போதும் இருபத்தேழு.

முப்பது புங்கங்கன்றுகளில் இருபத்தேழு துளிர்விட்டு நின்றன. இருபது பிழைத்தாலே போதும் என்றிருந்தார்கள் கல்லூரியில். பிழைத்தால் பாலாற்றங்கரையில் ஓர் ஏக்கர் முழுக்க என் திட்டப்படிதான் மரம் நடப்படும். மாலை ஐந்து மணிக்குள் முடிவை அனுப்ப வேண்டும்.

வேலூரில் வனமும் சுற்றுச்சூழலும் சேர்ந்த பொறியியல் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்த தண்ணீரை, வேறு வழியே இல்லாவிட்டாலும் மனிதர் குடிக்கக் கூடாது என்பது பாடம். அந்தத் தண்ணீரை மட்டுமே குடித்து ஒரு மரம் பிழைக்குமா என்பது என் சோதனை.

இடம் கொடுத்தவர் ஆம்பூர் அக்தர் பானு ஆன்ட்டி. மூடிக்கிடக்கும் ஒரு தோல் கம்பெனியின் மதிலை ஒட்டி அவர் வீட்டுக் கொல்லை. என்னால் சனிக்கிழமை மட்டுமே வர முடியும் என்பதால், தினமும் அங்கிருந்த போர்வெல் தண்ணீர் ஊற்றும் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார். அந்தப் போரில் உப்பு மூவாயிரத்து நூறு. பாத்திரம் கழுவத்தான் ஆகும்.

"ஆன்ட்டி, இருபத்தேழு!" என்று கத்தினேன்.

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "காட்டுக்கு இன்னாத்துக்கும்மா இன்ஜினியரு, மரம் தானா வளராதான்னு எங்க வூட்டுக்காரரு கேலி பண்ணாரே. வரட்டும் அவரு!"

பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே, இவாஞ்சலின்? மொத வாரமே இலையெல்லாம் கருகிச்சு. எனக்குப் பேஜாராப் போய்டுச்சு. அன்னிலேர்ந்து போர் தண்ணி ஊத்தல. எங்க கிணத்து நல்ல தண்ணிதான் ஊத்திட்டு வர்றேன்."

சோதனையின் அறுபத்திரண்டு நாட்களும் அந்த ஒரு நொடியில் வீணாய்ப் போயின.

நல்ல தண்ணீரில் எந்தக் கன்றும்தான் பிழைக்கும். அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் படிக்க வேண்டியதில்லை.

ஆன்ட்டி சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். கருகும் செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவரிடம் என்னவென்று கோபிப்பது?

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. எதை ஊற்றினோமோ அதை அளந்து, தவறைத் தவறென்றே எழுதி அனுப்ப வேண்டும். பையிலிருந்து உப்பு அளக்கும் மீட்டரை எடுத்தேன்.

ஆன்ட்டி ஒரு குடம் இறைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா அளந்து பாரு. நாங்க குடிக்கிறதும் இதான். இந்தத் தெருவுலயே கேன் தண்ணி வாங்காத வூடு எங்க வூடு ஒண்ணுதான்."

மீட்டரின் முனையைத் தண்ணீரில் நனைத்தேன்.

எழுநூறு. ஆயிரத்து நானூறு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

எண் நிற்கவில்லை.

இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

முனையைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பதேதான்.

இரண்டாயிரத்துக்கு மேல்! சோதனை செல்லும். இருபத்தேழும் செல்லும். ஓர் ஏக்கரும் என்னுடையது. ஈரக் கையோடு ஆன்ட்டியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

"இன்னா, எங்க கிணறு பாஸா?"

"பாஸ் ஆன்ட்டி, பாஸ்!"

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. தன்னால் ஒரு பெண்ணின் படிப்பு கெட்டுவிடவில்லை என்ற நிம்மதி.

உடனே நோட்டை விரித்து எழுத உட்கார்ந்தேன். நாள், அறுபத்திரண்டு. நடப்பட்டவை, முப்பது. உயிரோடிருப்பவை, இருபத்தேழு. நீரின் உப்பு, இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

அடுத்த கட்டம்: ஊற்றிய நீர்.

பேனா அங்கே நின்றுவிட்டது.

"கிணற்றுத் தண்ணீர்" என்று மட்டும் எழுதினேன்.

ஆன்ட்டி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, பரீட்சைத் தாளில் பிழை கண்டுபிடித்தவரைப் போல விரலை வைத்தார்.

"இன்னாம்மா, ‘நல்ல’ன்றத வுட்டுட்டியே. சேத்து எழுதிக்கோ."