சாருக்கு என்ன கேம்?

கடைச் சுவர் நிறையத் திரைகள். அத்தனையிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி சிறகை விரிக்கிறது. “சார் என்ன கேம் ஆடுவீங்க?” விற்பனையாளன் அவளைத் தாண்டி அவள் கணவனைக் கேட்கிறான், அவள் என்னவோ கண்ணாடிக் கதவு மாதிரி. “ஆடுறது அவங்க. நான் பெட்டி தூக்க வந்தேன்” என்கிறான் கணவன். விற்பனையாளன் சிரித்துக்கொண்டே ரோஜா நிற மானிட்டர் ஒன்றைத் தட்டிக் காட்டுகிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கைப்பையிலிருந்து தன் மவுஸை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, அதிலிருக்கும் கேம் ஒன்றைத் திறக்கிறாள். கிளி மறைந்து, எல்லாத் திரையிலும் துப்பாக்கிவீரன் ஓடுகிறான். வீரன் சட்டெனத் திரும்பும்போது அவன் பின்னால் சாம்பல் நிழல் இழுபடும் திரைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, நிழலே விழாத ஒன்றின் மேல் விரல் வைக்கிறாள். “இதைப் பேக் பண்ணுங்க.” விற்பனையாளன் முகமெல்லாம் பல்லாகக் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். “சூப்பர் செலக்‌ஷன், சார்!”