கம்பிக்கு வெளியே ஓர் அம்மா

"என் பிள்ளையை எங்கய்யா வெச்சிருக்கீங்க?"

கம்பிக்குள்ளிருந்து ஒகெல்லோ எட்டிப் பார்த்தான். கிசுமு நகருக்குப் பக்கத்தில் ஒரு காவல் நிலையம் அது. நேற்றுப் பள்ளி விட்டு வந்தவனை, ஊர்வலத்தில் கல் எறிந்தான் என்று பிடித்து வந்து, பெரிய ஆட்களோடு அடைத்திருந்தார்கள். பிரம்படியில் உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. அவன் இங்கே இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கான்ஸ்டபிள் லகாட் சலிப்போடு நிமிர்ந்தார். "எந்தப் பிள்ளை? ஒகெல்லோன்னு பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் சிணுங்கிக்கிட்டுக் கிடக்கிறானே, அந்த அழுமூஞ்சியா?"

"அவனேதான். என் ஒகெல்லோதான்."

ஒகெல்லோ திகைத்தான். இந்த அம்மாவை அவன் பார்த்ததே இல்லை. அவனைப் பெற்றவள் எங்கோ தூரத்தில், மொம்பாசா நகரத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

"பத்தாவது ஒழுங்காப் படிக்கத் துப்பில்ல, பதினாறு வயசுல ஊர்வலம் கேக்குதா? பிள்ளை வளர்த்த லட்சணம்" என்றார் லகாட், உள்ளறை வரை கேட்கும்படி.

"பதினாறு வயசுப் பிள்ளையைப் பெரியவங்களோட அடைக்கலாமா? பிடிச்ச உடனே பெத்தவங்களுக்குச் சொல்லணுமா, வேண்டாமா?"

"பெரிய வக்கீல் இவ. வாசல்ல பத்திரிகைக்காரனையும் நிறுத்திட்டு வந்திருப்பியே?"

அந்த அம்மா ஒரு கணம் தயங்கினாள். "ஆமா. நிக்கிறாங்க."

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "எதுக்கு இந்தத் தலைவலி லகாட்? பையனை அனுப்பித் தொலை."

லகாட் கதவைத் திறந்து, அவன் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினார். "இனிமே இந்தப் பக்கம் உன் தலை தெரிஞ்சுது, தோலை உரிச்சிடுவேன்."

வாசலில் பத்திரிகைக்காரர் யாரும் இல்லை. வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் நின்றது. அந்த அம்மா அவனைக் கைத்தாங்கலாக நடத்திப் போய் அதில் ஏற்றினாள்.

"நீங்க யாரும்மா?"

"எனக்கும் உன் வயசுல ஒரு மகன் இருந்தான். இதே மாதிரிதான் கொண்டுபோய் அடைச்சாங்க. எனக்குச் சேதி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுலேருந்து இப்படி மாட்டுற பிள்ளைங்களுக்காக ஓடிக்கிட்டிருக்கேன்."

ஒகெல்லோ மெல்லக் கேட்டான். "என் பேரு, படிப்பு, வயசு... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. 'ஒரு சின்னப் பையன் மாட்டியிருக்கான், உடனே வாங்க'ன்னு போன் வந்துது. ஓடி வந்தேன். மத்ததெல்லாம் திட்டுற மாதிரி அவரே எடுத்துக் கொடுத்தாரே."

"போன் பண்ணது யாரு?"

"உன் பிடரியைப் பிடிச்சுத் தள்ளினாரே, அந்தப் புண்ணியவான்தான்."