ஒரே ஒரு படம்

புயலில் இரண்டு படகுகள் காணாமல் போயிருந்தன. கிழக்கே போன படகில் ஜெனோவாவின் புருஷன். தெற்கே போனதில் அடுத்த வீட்டுப் பிரகாசியின் மகன்.

வானத்தில் நகராமல் நிற்கும் ஜப்பான் செயற்கைக்கோளைத் தபால்காரன் என்றுதான் அந்தக் கரையில் சொல்வார்கள். கீழே ஓடும் சின்னச் செயற்கைக்கோள்கள் எடுக்கிற கடல் படத்தை வாங்கிக் கரைக்குக் கொடுப்பது அது. புயல் நாளில் ஊருக்கு ஒரே ஒரு படம். எந்தத் திசையென்று ஊரே போனில் ஓட்டுப் போட வேண்டும். சமமாகிவிட்டால் அந்தப் படம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

மாதா கோயில் மண்டபத் திரையில் கிழக்கும் தெற்கும் சமமாக நின்றன.

"யாராவது ஒருத்தர் மாத்திப் போடுங்கம்மா!" என்று பங்குச் சாமியார் கெஞ்சினார்.

நேற்றுவரை ஒன்றாக மீன் காயப்போட்ட தெரு, மண்டபத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் பிரகாசி முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள்.

ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது வரட்டும் என்று நினைத்தாள் ஜெனோவா. கண்ணை இறுக மூடிக்கொண்டு 'தெற்கு' என்பதை அமுக்கினாள்.

ஓட்டு முடிந்த மணி அடித்தது. கண்ணைத் திறந்தபோது திரையில் இரண்டும் சமமாகவே நின்றன. படம் போய்விட்டது.

"நான் தெக்க மாத்திட்டேனே சாமி!" என்று அலறினாள் ஜெனோவா.

பிரகாசியின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது.

"அடிப் பாவி... நான் ஒன் புருஷனுக்கில்லா கிழக்க மாத்திப் போட்டேன்."