ஊற்றுத் தண்ணீருடன் பங்களா விற்பனைக்கு

"அம்மா, நம்ம தொரை பங்களாவ விக்கப் போறாங்க. பேஸ்புக்ல போட்டிருக்காங்க, வந்து பாரு!"

கண்டியில் உடுப்புக் கடையில் வேலை செய்யும் டிலானி, ஞாயிற்றுக்கிழமை லீவுக்குப் பன்விலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

ரத்தினம்மா ரொட்டி மா பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மலை உச்சியில் நிற்கும் அதே பங்களா. போட்டோவில் இன்னும் அழகாக இருந்தது.

டிலானி வாசித்தாள். "வெள்ளைக்காரர் காலத்து பங்களா. எட்டு அறைகள். ரோஜாத் தோட்டம். சொந்த ஊற்று. வற்றாத தண்ணீர் முழுவதும் உங்களுக்கே."

ரத்தினம்மாவின் முகம் மாறியது.

"கடைசியா என்ன சொன்ன?"

"தண்ணீர் முழுவதும் உங்களுக்கே."

அந்த ஊற்றிலிருந்துதான் லயத்தின் இருபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது. குழாய் பதித்தது ரத்தினம்மாவின் புருஷன் பழனியாண்டியும் லயத்து ஆட்களும் சேர்ந்து தொடங்கிய தண்ணீர்ச் சங்கம். அதற்கு முன்பு ஓடைத் தண்ணீர்தான். அதைக் குடித்து வயிற்றோட்டம் வந்து செத்துப் போனான் ரத்தினம்மாவின் மூத்த பையன். மூன்று வயது.

"அக்குறணை ஹலீம் ஹாஜியார் பங்களாவ வாங்கின நாள்ல இருந்து ஒரு நாள் அந்தத் தண்ணிய மறிச்சதில்ல. அவரு கண்ண மூடி வருஷம் திரும்பல, மக விக்கிறாளா? அதுவும் எங்க தண்ணியோட சேத்தா?"

அன்றைக்குச் சுட்ட ரொட்டியெல்லாம் கருகிப் போனது.

மறுநாள் காலை கொழுந்து எடுக்கப் போகும் வழியில், ஊற்றடியில் இரண்டு பேர் நிற்பதைக் கண்டாள். ஒருவர் சர்வேயர். மற்றவன் புரோக்கர் பவாஸ். ஊற்றைச் சுற்றி எல்லைக் கட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள் ரத்தினம்மா.

"யாரக் கேட்டு இங்க கட்டை அடிக்கிறீங்க?"

"ஒங்களக் கேக்கணுமா? காணிக்காரங்க சொல்லித்தான் அடிக்கிறோம். ஓரமாப் போங்க" என்றான் பவாஸ்.

அவ்வளவுதான். ரத்தினம்மா குனிந்து முதல் கட்டையைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு அடுத்தது. பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சர்வேயர் தன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். ஐந்து நிமிஷத்தில் ஒரு கட்டைகூட மிச்சமில்லை.

பவாஸ் போன் போட்டான். ஒரு மணித்தியாலத்தில் ஹாஜியாரின் மகள் மஸாஹிரா மூச்சு வாங்க ஏறி வந்தாள். அக்குறணையில் பள்ளிக்கூட டீச்சர்.

"வாங்க டீச்சர்!" என்று ரத்தினம்மா ஆரம்பித்தாள். "பிள்ளைங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்கிறவங்க செய்ற வேலையா இது?"

"ரத்தினம்மா, நான் செல்றத ஒருக்காக் கேளுங்க..."

"என்னத்தக் கேக்கிறது? ஒங்க வாப்பா கடைசிக் காலத்துல படுக்கையில கெடந்தப்ப, எங்க லயத்துப் பொம்பளைங்கதான் தூக்கிப் புரட்டி மேல் கழுவி விட்டோம். அதுக்கு மட்டும் நாங்க வேணும். தண்ணி மட்டும் எங்களுக்கு இல்ல!"

மஸாஹிரா வாய் திறக்கப் போனாள். ரத்தினம்மா விடவில்லை.

"அஞ்சு நேரமும் தொழுறீங்களே, தண்ணியிலதானே கை கால் கழுவிட்டுத் தொழுறீங்க? இருபத்திரண்டு வீட்டுத் தொண்டைய அடைச்சிட்டு, அந்தக் கைய ஏந்தி என்னத்தக் கேப்பீங்க?"

மஸாஹிராவின் முகம் சிவந்தது. சட்டென்று பவாஸ் பக்கம் திரும்பினாள்.

"ஊத்தைப் பத்தி விளம்பரத்தில போட வாணாம்னு நான் செல்லித்தானே ஈந்தேன்?"

"போடாட்டி இந்தப் பழைய ஊட்டை ஆரு பாக்க வாற?" என்று பவாஸும் குரலை உயர்த்தினான். "வந்து பாத்தா பொறகு பேசிக்கலாம்னுதான் போட்டேன்."

"போதும்!" என்று கத்தினாள் ரத்தினம்மா. "ரெண்டு பேரும் சேந்து எங்க முன்னாடி நாடகம் ஆட வேணாம். எங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியலன்னாலும் எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும். தண்ணீர் முழுவதும் உங்களுக்கேன்னு போட்டிருக்கே!"

"நாடகமா?" பவாஸுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க கட்டை புடுங்கின இடம் விக்கிற காணி இல்லம்மா, விக்காத காணி! அதைத் தனியாப் பிரிக்கத்தான் அளந்தோம். பங்களாவும் தோட்டமும் டீச்சர்ட தம்பிமார் ரெண்டு பேருக்கும், விக்கிறதும் அவங்கதான். இந்த டீச்சர் தன்ட பங்குக்கு வேற ஒண்டும் வாணாம், ஊத்து ஈக்கிற துண்டு மட்டும் போதும்னு எழுதி எடுத்தாங்க. அதையும் ஒங்க லயத்துத் தண்ணிச் சங்கத்துக்கு எழுதிக் குடுக்கப் போறாங்க. ஊத்து இல்லன்னு தெரிஞ்சதும் பங்களாவ வாங்க வந்த கொழும்பு ஹோட்டல்காரரும் போய்ட்டார். என்ட யாவாரமும் நாசம்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரத்தினம்மாவின் கோபம் இறங்க இடம் தெரியாமல் நின்றது.

"இத எங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். குரல் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

மஸாஹிராவின் குரலும் குறையவில்லை.

"காணி தாறோம், ஊடு தாறோம்னு இதுவரைக்கும் எத்தனை பேர் ஒங்ககிட்ட வாயால செல்லிட்டுப் போயிருக்காங்க, ரத்தினம்மா? அந்தக் கூட்டத்தில நானும் ஒருத்தியா ஆக வாணாம்னுதான், உறுதிப் பத்திரம் கைக்கு வார வரைக்கும் வாயைத் திறக்காம ஈந்தேன்."