ஃபிலோமீன் வைத்த விஷம்

"இந்தக் கல்லறைக்குள்ள இருக்கறவ மூணு புருஷனை விஷம் வெச்சுக் கொன்னவ. மூணு பேருக்கும் ஒரே குழம்பு, ஒரே கரண்டி!"

லூசியன் சொல்லி முடித்ததும் சுற்றுலாக் கும்பல் வாயைப் பிளந்தது. கைபேசிகள் மேலே போயின. சிகாகோவிலிருந்து வந்த ஒருத்தி தன் உதட்டுச்சாயத்தை எடுத்துக் கல்லறை வாசலில் காணிக்கை வைத்தாள்.

நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பேட்டையைச் சுற்றிக் காட்டுவது லூசியனின் பிழைப்பு. முதலில் தேவாலயம், பிறகு சதுக்கத்துச் சிலை, அப்புறம் கல்லறைத் தோட்டம், பசி எடுத்ததும் ஏர்லீன் அத்தையின் சாப்பாட்டுக் கடை. செத்தவர்களைக் காட்டிப் பிழைக்கிற ஊர்தான் எங்களுடையது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அவன் போதாத காலம், அன்று ஏர்லீன் அத்தையே இரண்டு கல்லறை தள்ளி நின்றிருந்தாள். மறுநாள் கல்லறைத் திருநாள். தபால்காரராக இருந்து செத்துப்போன கணவர் ஹொனோரேயின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவள், அத்தனையும் கேட்டுவிட்டாள்.

அவளுக்குப் பொய் என்றாலே ஆகாது. நேற்று வைத்த குழம்பை இன்றைக்கு வைத்ததென்று ஒருநாளும் விற்றதில்லை. அதோடு, அந்தக் கல்லறைக்குள் இருப்பது ஃபிலோமீன் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரு முழுக்கச் சட்டை தேய்த்துக் கொடுத்து, புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளைதான் லூசியன்.

ஏற்கெனவே அத்தைக்கு மனசு சரியில்லை. ஹொனோரேயின் கல்லறையில் போன வாரம் கல்லறைத் தோட்ட நிர்வாகம் ஆரஞ்சுச் சீட்டு ஒட்டியிருந்தது. விரிசல் விட்ட சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டாவிட்டால் இடித்துவிடுவார்கள் என்று அர்த்தம். கட்ட அவளுக்கு வக்கில்லை. சுண்ணாம்பு எத்தனை தடவை அடித்தாலும் விரிசல் மறைகிற மாதிரியும் இல்லை.

மத்தியானம் கும்பல் கடைக்கு வந்தது. திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊரில் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். எல்லாருக்கும் தட்டு வந்தது, லூசியனுக்கு மட்டும் வரவில்லை. சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அத்தை, என் தட்டு?"

"உனக்குச் சோறு கிடையாது. பெத்தவளைக் கொலைகாரின்னு கூவி விக்கறவனுக்கு என் கையால பரிமாற மாட்டேன்."

"கேட்டுட்டீங்களா?"

"நல்லாவே கேட்டேன். நாக்கு அழுகிடும்டா உனக்கு! எலிக்குக்கூட விஷம் வெச்சதில்லையேடா உங்கம்மா!"

"எலிக்குப் பொறிதான் வெப்பாங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"பல்லை இளிக்காதே. நல்லவளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"சொன்னேன் அத்தை. ஒரு வருஷம் பூரா சொன்னேன். சட்டை தேச்சாங்க, என்னை வளர்த்தாங்க, ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனாங்கன்னு. ஒருத்தர் நிக்கலை. 'சாப்பாடு எப்போ?'ன்னுதான் கேட்டாங்க. அந்த வருஷந்தான் அம்மா கல்லறையிலயும் ஆரஞ்சுச் சீட்டு ஒட்டினாங்க."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நிர்வாகத்துல போய் மன்றாடினேன். யாரும் பார்க்க வராத கல்லறைக்கு நாங்க ஏன் செலவு பண்ணணும்னாங்க. வெறுத்துப் போய், அடுத்த கும்பல்கிட்ட விஷம் வெச்சாங்கன்னு அடிச்சு விட்டேன். அவ்வளவுதான், தேடிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல நிர்வாகமே கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து விரிசலைப் பூசி, சீட்டையும் கிழிச்சிட்டுப் போயிடுச்சு."

"அதுக்காகப் பெத்தவ பேரையாடா கெடுப்பே?"

"வேற என்ன அத்தை பண்ணச் சொல்றீங்க? அந்த வரிசையில இடியாம நிக்கறது யாருன்னு போய்ப் பாருங்க. சூதாடி ஒருத்தன், சூனியக்காரி ஒருத்தி, எங்கம்மா. நல்லவங்க எலும்பெல்லாம் பொதுக்குழியில கிடக்கு." அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். "கூட்டம் கிளம்பினதும் அந்தக் கல்லுல நெத்தியை முட்டி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வர்றேன், தினமும்."

அத்தை தட்டு நிறையச் சோறு போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் இரண்டு வாய் தின்றான். தட்டைத் தள்ளி வைத்தான்.

கும்பல் சாப்பிட்டுவிட்டு வெளியேறியது. கடைசியாகப் படியிறங்கிய லூசியனின் கையை அத்தை வந்து பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் எலும்பை ஓரமா ஒதுக்கிட்டு, அதே கல்லறையில என்னை வெப்பாங்கங்கற ஒரே நிம்மதியிலதான்டா இத்தனை வருஷம் தனியாக் கிடந்தேன். அதை இடிச்சிட்டா நான் எங்கடா போவேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"கடுதாசி குடுக்கப் போற வீட்டு நாயைக்கூட அதட்டத் தெரியாது என் ஹொனோரேக்கு. அவர் எத்தனை பேரைக் கொன்னார்னு சொன்னா, இடிக்காம விடுவாங்க?"