மிச்சம் வைத்த உதிரி

"கதவைச் சாத்திட்டு உட்கார்" என்றார் மேற்பார்வையாளர் அம்மாள்.

அண்ணி சாத்திவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் கதவைச் சாத்திப் பேசிய பிறகு வேலையில் நீடித்தவர்கள் குறைவு.

நினைவகச் சில்லுகளைப் பழுது நீக்கும் பிரிவு அது. ஐந்தாம் மெஷின் அவளுடையது. நான்காம் மெஷின் நாத்தனாருடையது. நாத்தனார் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று அழைத்ததில், பிரிவு முழுவதற்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் உண்டு: சிக்கனம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

ஒரு சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள். சில, பிறக்கும்போதே பழுது. அதற்காகவே ஓரத்தில் குறுக்கிலும் நெடுக்கிலுமாக ஆறு உதிரி வரிசைகளை வைத்திருப்பார்கள். பழுதான வரிசையைத் துண்டித்து, அதன் வேலையை உதிரிக்கு மாற்றிவிட வேண்டும். சிக்கலான சில்லுகளில் எந்த உதிரியை எங்கே போடுவதென்று ஆள்தான் முடிவு செய்தாக வேண்டும். அங்கேதான் சிக்கனம் வந்து நிற்பார்.

"ரெண்டு பழுதும் மேலும் கீழுமா ஒரே கோட்டில இருக்கே, நெடுக்கு உதிரி ஒண்ணு போதுமே. குறுக்கு உதிரி ரெண்டை ஏன் செலவழிக்கிறே? நாளைக்கு இன்னொண்ணு பழுதானா எதைப் போடுவே, உன் தலையையா?"

அவசரத்தில் அதையெல்லாம் யார் தேடிக்கொண்டிருப்பது? எல்லோரும் குறுக்கிலேயே இரண்டைப் போட்டுவிட்டு அடுத்த சில்லுக்குப் போய்விடுவார்கள்.

மேற்பார்வையாளர் கணினித் திரையை அண்ணியின் பக்கம் திருப்பினார்.

"வாசல் பதிவு. உன் நாத்தனார் போன மாசம் பன்னிரண்டு நாள் பத்து மணிக்கு வெளியே போயிருக்கா, பதினொன்றரைக்குத் திரும்பியிருக்கா. அந்த நேரமெல்லாம் நாலாம் மெஷின்ல அவ நம்பர் வேலை செஞ்சிருக்கு. எப்படி?"

பிரிவில் எல்லோருக்கும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டுமே தெரியும். மெஷினில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை எண்தான் சொல்லும். அந்தத் தைரியத்தில் செய்த காரியம். அடுத்தவர் எண்ணில் வேலை செய்தால் இருவருக்குமே வேலை போகும் என்பது விதி.

"நான்தான் செஞ்சேன் மேடம், என் மெஷினையும் பார்த்துக்கிட்டே. பன்னிரண்டு நாளும்."

"எதுக்கு?"

"அவ பையனுக்குக் காதுல ஆபரேஷன் ஆச்சு. இப்பத்தான் சத்தமே கேட்குது. வாரத்துல மூணு நாள் பேச்சுப் பயிற்சி. அம்மாவும் கூடவே உட்காரணுமாம். லீவெல்லாம் ஆபரேஷனுக்கே தீர்ந்துபோச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?" வாய் தவறி வந்துவிட்டது. அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"பொய்யையாவது பொருந்தச் சொல்லு. இதுல ரெண்டு நாள் நீ காய்ச்சல்னு வரவே இல்லை. அந்த ரெண்டு நாள் உட்கார்ந்தது யாரு?"

அந்த இரண்டு நாளும் நாத்தனார் வந்தது வரட்டும் என்று மெஷினை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தட்டிலிருந்த சில்லுகள் முழுவதும் முடிந்திருந்தன. மூன்றாம் மெஷின்காரியின் உபகாரமாகத்தான் இருக்கும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். வாய்விட்டு நன்றி சொல்லப்போய் அவளையும் வம்பில் இழுத்துவிடுவானேன் என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சா சொல்லுவியா?"

"மாட்டேன். என்னை வேணும்னா அனுப்பிடுங்க. அவ வேலையில கை வெச்சுடாதீங்க."

"பெரிய தியாகிதான். இதைப் படி" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

வாரம் மூன்று நாள், பத்து முதல் பதினொன்றரை வரை, நான்காம் மெஷினுக்கு மாற்று ஆளாக அண்ணி தன் சொந்த எண்ணிலேயே உட்காரலாம். நாத்தனார் அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்ய வேண்டும். இன்று முதல். கீழே மேலிடத்தின் கையெழுத்து.

அண்ணி மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்து கலங்கியது.

"ஒரு நகம் அளவு சில்லுக்கே ஆறு உதிரி வைக்கறாங்க. இத்தனை பேர் வேலை செய்யற இடத்துக்கு உதிரியா ஒரு ஆள் வேண்டாமான்னு கேட்டு எழுதினேன். நடந்ததையும் மறைக்காம எழுதினேன்." மேற்பார்வையாளர் இன்னொரு காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "அதுக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஒண்ணு வந்திருக்கு."

"யாருக்கு மேடம்?"

"பொறுப்பானவங்களுக்கு. நீ கிளம்பு, மணி பத்தாகப் போகுது."

வெளியே நாத்தனார் சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி, சிக்கனம் கடிச்சுத் துப்பிடுச்சா?"

"வாயைக் கழுவு. பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா. இனிமே நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு போக வேண்டாம்."

நான்காம் மெஷினில் அண்ணி தன் சொந்த எண்ணை அழுத்தினாள். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதுபோல் இருந்தது. மூன்றாம் மெஷின்காரி தங்களுக்காக எவ்வளவுதான் செய்திருக்கிறாள் பார்ப்போம் என்று அந்த இரண்டு நாள் பதிவைத் திறந்தாள்.

ஒரே கோட்டில் இரண்டு பழுது. நெடுக்கு உதிரி ஒன்றுதான் போட்டிருந்தது. அடுத்த சில்லிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் ஓர் உதிரி கை படாமல் மிச்சம் இருந்தது.

மூன்றாம் மெஷின்காரி பிறந்ததிலிருந்து நெடுக்கு உதிரியைத் தொட்டவள் அல்லள்.

அண்ணி திரும்பி, சாத்தியிருந்த அந்தக் கதவைப் பார்த்தாள். பூட்டிய இழுப்பறைக்குள் கிடக்கும் எச்சரிக்கைக் கடிதம் யார் பெயருக்கு வந்தது என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.